நிறுத்தாச்சா?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதனால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இருக்கிறது. ஒன்றும் ஆகாது என்று என் மகள் சொல்கிறாள். ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லாம் ஆகிறது. நாங்கள் அவரை மேடம் என்று கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் சூசை வைத்திருந்த பெயர் ஹேண்ட் பிரேக்.

காரணம், அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை ‘நில்லுங்க’. சத்தமாகச் சொல்லமாட்டார். நாம் ஒரு வேலையின் பாதியில் இருக்கும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்து விழும். கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். அவர் வந்து அந்தக் கையைப் பார்ப்பார், கையில் இருப்பதைப் பார்ப்பார், யோசிப்பார். சில சமயம் ‘சரி, செய்ங்க’ என்பார். பல சமயம் ‘வேண்டாம்’.

வடக்குப்பட்டுக்கும் ஒரகடம் ரோட்டுக்கும் நடுவில், சுற்றிலும் கம்பெனிச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு விதைக் கம்பெனியின் கண்ணாடி ஷெட் இருந்தது. உள்ளே நெல். தொட்டி தொட்டியாக, வெள்ளை பிளாஸ்டிக் தொட்டிகளில் நெல். வெளியே கார்களை அடுக்கிய டிரெய்லர்கள் போய்க்கொண்டிருக்க, உள்ளே மேனேஜர் சாரோடு சேர்த்து நாங்கள் நாலு பேர் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பம்பும் ஜெனரேட்டரும் சூசை பொறுப்பு. அவர் வடக்குப்பட்டுக்காரர், வேதக்காரர், கிறிஸ்தவக் குடும்பம். அவர் சொல்லித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

அதற்கு முன் நான் ஒரகடத்தில் காருக்குள் போகிற ஒயர்க்கட்டு செய்கிற லைனில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேதான். பஸ்ஸர் அடித்தால் கட்டு நகரும், அதற்குள் என் பங்கு முடிந்திருக்க வேண்டும். ஒருநாள் பஸ்ஸர் அடித்தபோது மூச்சு அடைத்து, கை விறைத்து, லைனிலேயே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் முதலில் லைனைத்தான் பார்த்தார், பிறகு என்னை. அதன்பின் பஸ்ஸர் அடிக்காத நேரத்திலும், வீட்டில் சோறு வடிக்கும்போதும்கூட, பஸ்ஸர் கேட்டது. கண்ணாடி ஷெட்டில் சத்தமே கிடையாது. விசிறி ஓடும், நெல் தாள் உரசும். அந்த வேலை போனால் திரும்ப லைனுக்குத்தான் போகவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஷெட்டில் இருந்த காலம் முழுக்க என் பயமெல்லாம் அது ஒன்றுதான். மற்ற பயங்கள் அதன் கிளைகள்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். மேசையைத் துடைக்கச் சொன்னார்கள். ஓரத்தில் ஒரு சின்ன டப்பா மூடி சரிந்திருந்தது. சரியாக மூடலாமே என்று கையை நீட்டினேன்.

“நில்லுங்க.”

நின்றேன்.

“தொட்டுறாதீக. கையில ஒண்ணு இருக்கு.”

அவர் சிவகங்கைப் பக்கம். பதறினால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். நான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் சொன்னார், எல்லார் கையிலும் வியர்வையோடு ஒரு சரக்கு இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாது. சோப்புப் போட்டாலும் முழுசாகப் போகாது. அது ஆர்.என்.ஏ. என்கிற பொருளைத் தின்றுவிடுமாம். இவர்கள் நெல் இலையிலிருந்து அந்த ஆர்.என்.ஏ.வைத்தான் எடுக்கிறார்கள். ஒருவர் வெறுங்கையோடு தொட்ட டப்பாவால் ஒரு மாத வேலை காணாமல் போகுமாம்.

அன்றைக்கு மணிமங்கலத்துக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவே பயமாக இருந்தது. என் கையில் இப்படி ஒன்று பிறந்ததிலிருந்து இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. மகளுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போது அவளுக்குள் இருப்பதையும் தின்றுவிடுமோ என்று கேட்டேன், மறுநாள் மேடத்திடமே. வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்லம்மா, உடம்புக்குள்ள அதுக்குக் காவல் இருக்கு. டியூப்ல காவல் இல்ல, அதான்” என்றார். என் பயத்துக்கு ஒருவர் யோசித்துப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

எட்டாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். நிறுத்துவது என்ற வார்த்தை எனக்கு அப்படித்தான் அறிமுகம். ஆகவே ஒருவர் எப்போதும் எதையாவது நிறுத்திக்கொண்டே இருப்பது எனக்குப் பிடித்திருக்கக் கூடாது. ஆனால் இவர் நிறுத்தும்போது காரியம் செத்துப்போவதில்லை, மூச்சு வாங்கிக்கொள்ளும்.

அவர் என்னதான் தேடுகிறார் என்று ஒருநாள் டீ நேரத்தில் சூசைதான் கேட்டார். அவருடைய மாமியார் வீட்டில் கேட்கிறார்களாம், நெல் வளர்க்கிற கம்பெனியில் ஏன் அறுப்பு அறுக்கவில்லை என்று. மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஆபீஸ்ல ஆர்டர் போடுறாங்க. இன்ன பொருள் செய்யின்னு சீட்டு எழுதி லைனுக்கு அனுப்புறாங்க. போற வழியில ஒருத்தர் சீட்டைப் புடுங்கிக் கிழிச்சுட்டா?”

“பொருள் வராது மேடம்” என்றேன். லைன் விஷயம் எனக்குத் தெரியும்.

“ஆபீஸ்ல ஆர்டர் இருக்கா?”

“இருக்கும்.”

“லைன்ல ஆள்?”

“நின்னுக்கிட்டுதான் இருப்போம்.”

“அந்தக் கிழிக்கிற ஆளைத்தான் தேடுறேன்.”

நெல்லுக்குள்ளும் அப்படித்தானாம். மரபணு என்பது ஆபீஸ். அங்கிருந்து போகிற சீட்டும் ஒரு ஆர்.என்.ஏ., ஆயிரக்கணக்கான எழுத்து நீளம். கிழிக்கிற ஆளும் ஆர்.என்.ஏ.தான், ஆனால் குட்டி. இருபது, இருபத்திரண்டு எழுத்துதான் மொத்தமே. தன் எழுத்துக்குப் பொருந்துகிற சீட்டு எதுவோ அதைக் கண்டுபிடித்து, ஒட்டிக்கொண்டு, வெட்டிவிடும்.

“தன் சீட்டைத் தானே ஏன் மேடம் கிழிக்கணும்?” என்று கேட்டேன்.

“தண்ணி குறையுதுன்னு தெரிஞ்சா, வளர்ற வேலையை நிறுத்தணும்ல? எல்லாச் சீட்டும் லைனுக்குப் போனா பயிர் தாங்காது. ஆனா சில ரகம் ரொம்ப சீக்கிரம் பயந்துரும். ரெண்டு நாள் வெயிலுக்கே எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு இலையைச் சுருட்டிக்கும். அப்புறம் மழை வந்தும் கதிர் வராது.”

அந்தக் கிழிக்கிற ஆட்களில் ஒருவரை மட்டும் குறைத்து வைத்த ரகம் ஒன்றை அவர் பல வருஷமாக வளர்த்து வந்தார். வேறு ஊர், வேறு கம்பெனி, எங்கே போனாலும் அதோடுதான் போயிருக்கிறார். அதற்கு ஒரு நீள நம்பர் உண்டு. நாங்கள் புதுசு என்போம். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரண ரகம் பழசு. அவசரப்பட்டுப் பயப்படாத நெல். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

சூசை அவரை ஹேண்ட் பிரேக் என்றது ஷெட்டை மட்டும் வைத்து இல்லை. படப்பையில் ஒரு தடவை ஷேர் ஆட்டோவில் நாங்கள் மூவரும் போனோம். ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த நேரம், ஒரு பக்கம் பள்ளம். முன்னால் நீள டிரெய்லர். டிரைவர் அதை முந்த வெளியே எடுத்தார். மேடம் பின்சீட்டிலிருந்து அதே குரலில், “நில்லுங்க” என்றார். டிரைவரும் ஏதோ பிடித்து இழுத்த மாதிரி பிரேக் போட்டுவிட்டார். எதிரே ஒன்றும் வரவில்லை. ரோடு காலி. டிரைவர் திரும்பி, “இன்னா மேடம், ஸ்டேரிங்கையும் அப்படியே பின்னாடி தந்துடட்டுமா?” என்றார். ஆட்டோ முழுக்கச் சிரிப்பு. அவர் முகம் மாறவில்லை. “எதிர்ல தெரியல, அதான்” என்றார். வந்திருந்தால் என்ற பேச்சே இல்லை. தெரியவில்லை என்பதே அவருக்குப் போதும்.

அவருடைய நிச்சயதார்த்தத்தையும் அவரே நிறுத்தினாராம், தட்டு மாற்றும் நேரத்தில். இது சூசை கொண்டுவந்த கதை, யார் சொன்னதோ. நான் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு ஊரிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் வெளியே போய் வேலியோரம் நின்று பேசுவார். பெரும்பாலும் கேட்பார். திரும்பி வரும்போது கையுறையை மாற்றிக்கொள்வார், போனைத் தொட்ட கை என்று.

அந்த வருஷம் மழைக்கு முன்னால்தான் மேனேஜர் சார் எங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கம்பெனி மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வரப்போகிறார்கள். புதுசு வறட்சி தாங்குகிறது என்று காட்டினால் ஷெட் இரண்டாகும். இல்லாவிட்டால் இந்த இடத்தைக் கன்டெய்னர் நிறுத்தக் கேட்டு ஒரு கம்பெனி காத்துக்கொண்டிருக்கிறது. கேட்டபோது எனக்குப் பஸ்ஸர் சத்தம் கேட்டது.

அதற்காகத்தான் அந்தப் பரீட்சை. புதுசிலும் பழசிலும் சில தொட்டிகளுக்குத் தண்ணீரை அடியோடு நிறுத்தினோம். தொட்டிக்குள் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று தெரிய தினமும் காலையில் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடை பார்ப்பது வழக்கம். மேடம் பக்கத்திலேயே நின்று எண்ணைப் படிப்பார். கடைசியில் இலையை வெட்டி, புகை கக்குகிற குளிர்த் திரவத்தில் போட்டு உறையவைத்துப் பொடித்துப் பார்த்தால், பயந்த பயிரில் அந்தக் குட்டிகள் கூடியிருக்கும், பயப்படாததில் குறைவாக இருக்கும். புதுசையும் பழசையும் சீட்டுக்கட்டு கலைத்த மாதிரி கலந்துதான் வைப்பார் மேடம். ஷெட்டில் ஒரு மூலைக்கு வெயில் கூட, ஒரு மூலைக்குக் காற்று கூட, எந்த ரகத்துக்கும் சலுகை கிடைத்துவிடக் கூடாது என்று.

பாதியில் அவர் அம்மா விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. மேடம் ஊருக்குப் போனார். ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. போகிற அவசரத்திலும், இலைப்பொடி வைக்கிற குளிர்ப்பெட்டி முன்னால் நின்று சூசையிடம் சொன்னார், “பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் ஓய்வு குடுப்பீக, தெரியும். இதுக்கு மட்டும் குடுத்துறாதீக. பொட்டு வைங்க, ஸ்விட்சை அணைக்காதீங்க.” சூசை, “நம்மளது அந்தப் பூஜையே இல்ல மேடம், கழுவுறது மட்டும்தான் என் வேலை” என்றார். ஸ்விட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் மேடம் பஸ் ஏறினார்.

அவர் பயந்தது பெட்டிக்கு. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் போன மறுநாள் மேனேஜர் சார் வந்து, பார்க்க வருகிறவர்களுக்குப் புரியவேண்டாமா, இப்படிக் கலந்து கிடந்தால் எது எது என்று எப்படித் தெரியும் என்றார். புதுசை எல்லாம் கிழக்குப் பக்கம், பழசை எல்லாம் மேற்குப் பக்கம் பிரித்து வைக்கச் சொன்னார். வைத்தோம். பூஜைக்கு முதல் நாள் ஷெட் கழுவினோம். வாளியில் மஞ்சள் கரைத்துத் தரை முழுக்கத் தெளித்து, சூசை குழாய் போட்டு அடித்தார். செவ்வந்திப் பூவும் மாவிலையும் சாக்கடை வாயில் போய் அடைத்திருக்கின்றன. யாரும் பார்க்கவில்லை. தரைச் சரிவு கிழக்குப் பக்கம். பம்பு, ஜெனரேட்டர், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு மூடினோம். விஜயதசமி வரைக்கும் எதையும் தொடவேண்டாம் என்றார் மேனேஜர் சார். கதவைப் பூட்டினோம்.

அன்றைக்கு மத்தியானம் பொரி கட்டிக்கொண்டிருந்தபோது சூசைக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மேடம். பின்னால் ஒரே சத்தம். சூசை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“தொட்டி எல்லாம் நிறுத்தாச்சா?”

“காலையிலேயே நிறுத்தாச்சு மேடம்.”

“எல்லாமே?”

“ஒண்ணு விடாம மேடம்.”

“சந்தோஷம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பூஜை முடிந்து மேனேஜர் சாரே இலை வெட்டும் வேலையை நின்று நடத்தினார். பழசு இலையெல்லாம் ஊசியாகச் சுருண்டிருந்தது. புதுசு விரிந்து பச்சையாக நின்றது. மேடம் திரும்பி வந்து, மெஷினில் போட்டுப் பார்த்தார். குட்டிகளின் கணக்கும் அப்படியே வந்தது. பழசில் ஏகம், புதுசில் சொற்பம். அவர் அன்றைக்குச் சிரித்தார். நாங்கள் அதற்குமுன் அவர் பல்லைப் பார்த்ததில்லை. சூசையை ஒரகடத்துக்கு அனுப்பி மைசூர்பா வாங்கிவரச் சொன்னார். எனக்கு ஒரு துண்டு அதிகம் கொடுத்து, “பயப்படாத ரகம்மா” என்றார். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

பார்வையாளர்கள் வருவதற்கு முதல் நாள், வெட்டி முடித்த தொட்டிகளைத் தேய்த்துக் கழுவ எடுத்தேன். ஒன்றைக் கவிழ்த்து மண்ணைத் தட்டிவிட்டு தேங்காய் நாரைப் போட்டேன்.

“நில்லுங்க.”

வாசலில் நின்றிருந்தார். வந்து தொட்டியை என் கையிலிருந்து வாங்கினார். வெள்ளைத் தொட்டியின் அடியில், வெளிப்பக்கம், இரண்டு விரல் உயரத்தில் வட்டமாக ஒரு மஞ்சள் கோடு. அடுத்ததைத் தூக்கினார். அதிலும் கோடு. கிழக்குப் பக்கத் தொட்டிகள் அத்தனையிலும். மேற்குப் பக்கத்தில் ஒன்றில்கூட இல்லை.

“இது என்னம்மா?”

மஞ்சத் தண்ணி என்றேன். பூஜைக்குக் கழுவினது. அவர் தொட்டியின் அடி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நின்ற தண்ணீரை ஓட்டை வழியாகப் புதுசு குடித்திருக்கிறது. பழசு குடிக்கவில்லை. பயப்படாத நெல் இல்லை அது. தாகம் தீர்ந்த நெல்.

சூசையைக் கூப்பிட்டார். “எடை? அன்னைக்கு எடை பார்த்தீங்கதானே? நான் போன்ல கேட்டேனே?”

“எடை எங்க மேடம் கேட்டீங்க? தொட்டி நிறுத்தாச்சான்னு கேட்டீங்க. நிறுத்திட்டேன்னேன். பம்பை ஆஃப் பண்ணி, மேல் தொட்டிக்கு வால்வை மூடி, எல்லாம் நிறுத்தியாச்சே.”

மேடத்தின் ஊரில் எடை போடுவதை நிறுத்துப் பார்ப்பது என்பார்கள். நிறுத்தாச்சா என்றால் எடை பார்த்தாயிற்றா என்று அர்த்தம். எங்கள் பக்கம் யாரும் அப்படிப் பேசுவதில்லை, வெயிட் பார்த்தாச்சா என்போம். தொட்டி என்றால் சூசைக்கு மாடித் தண்ணீர்த்தொட்டி. அவர் சொன்னதில் பொய் இல்லை. தராசைக்கூடத்தான் நிறுத்தியிருந்தோம்.

மேடம் இரண்டு முறை தனக்குள்ளே சொல்லிப் பார்த்தார். நிறுத்தாச்சா. நிறுத்தாச்சா. பிறகு எழுந்து ஆபீஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தொட்டிகளைக் கழுவு என்றும் சொல்லவில்லை, கழுவாதே என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு விளங்காத பயம். எல்லாவற்றையும் நிறுத்துகிறவர் அன்றைக்கு எதையும் நிறுத்தாமல் போனார்.

சூசை என் பக்கத்தில் குந்தினார். “இன்னாக்கா பாத்துக்கினு கீற? தேய். அழுக்கு தொட்டியைக் கழுவுறது நம்ம வேலை. யாரு இன்னா சொல்லப்போறா? சொன்னா நாம நாலு பேரும் நாளைக்கு வூட்லதான்.”

நார் கையில்தான் இருந்தது. தேய்க்கவில்லை. யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். எனக்கு ஏற்கெனவே ஞாபகம் வைத்துப் பயப்பட ஏராளம் இருந்தது. தொட்டிகளை அப்படியே அடுக்கிவிட்டு, ஆபீஸ் கதவைத் தட்டி, வாசலிலேயே நின்று மேடத்திடம் கேட்டேன். நாளைக்கு மட்டும் சொல்லாமல் இருக்கலாமே, அப்புறம் இன்னொரு தடவை வளர்த்துச் சரியாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று. லைனுக்குத் திரும்பிப் போனால் நான் செத்துப்போவேன் மேடம் என்றும் சொன்னேன். அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம் இல்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“வீட்டுக்குப் போங்கம்மா. ஆறுமணி பஸ் போயிரும்” என்றார்.

மறுநாள் வந்தவர்கள் நல்ல மனிதர்கள். எங்களுக்கும் வணக்கம் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, சுவரில் படம் காட்டி, மேனேஜர் சார் பேசினார். நாங்கள் பின்னால் சுவரோடு நின்றோம். மேடம் முதல் வரிசை ஓரத்தில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு. பயிர் படம் வந்தது. குட்டிகளின் கணக்கு வந்தது. ஒருவர் எழுந்து அடுத்த வருஷமே வெளி வயலில் போடலாமா என்று கேட்டார். மேனேஜர் சார், தாராளமாக என்றார். மேடம் அசையவில்லை. சூசை என் பக்கம் திரும்பி, பரவாயில்லை என்று கண்ணால் சொன்னார். எனக்கும் மூச்சு இறங்கியது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

“நில்லுங்க.”

அதே குரல். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். ஆனால் தட்டின கை நின்றுவிட்டது.

எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். சரிவு, பூ அடைத்தது, மஞ்சள் கோடு. ஒரு தொட்டியைக் கையோடு கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். மேனேஜர் சார் முகம் வெளுத்துவிட்டது. இதற்கு யார் பொறுப்பு, எடை பார்க்கவேண்டிய ஆள் யார் என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

“அவங்க இல்ல சார். வார்த்தை என்னுது. எங்க ஊர் வார்த்தையை இங்க வந்து கேட்டேன். கேட்டதுக்கு அவர் சரியாத்தான் பதில் சொன்னார்.”

தொட்டிகளைப் பிரித்து வைக்கச் சொன்னது யார் என்பதை அவர் சொல்லவே இல்லை. மேனேஜர் சார் அதற்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன், சாரின் காது மடல் சிவந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்காரவேண்டி வந்தது. எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். இறங்கும் முன் கேட்டேவிட்டேன், ஏன் மேடம், கைதட்டி முடிச்சிருப்பாங்களே என்று. அவர் வெளியே பார்த்துக்கொண்டு, “விதை வாங்குறவருக்கு நம்ம ஷெட்டு தெரியாதும்மா. மழை இல்லாத வருஷம் நம்பிப் போடுவார்” என்றார். அவ்வளவுதான். என் கோபம் தீரவில்லை. சரியான பதிலால் கோபம் தீரும் என்று யார் சொன்னது?

மேலிடம் பொங்கல் வரைக்கும் நேரம் கொடுத்தது. இன்னொரு முறை, முதலிலிருந்து. தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றிக் கலந்து வைத்தோம். தினமும் எடை. சூசை ஒவ்வொரு தொட்டிக்கும், “வெயிட் பார்த்தாச்சு, நிறுத்தல, பார்த்தாச்சு” என்று சத்தமாகச் சொல்லி மேடத்தைப் பார்ப்பார். அவரும் எண்ணை எழுதிக்கொள்வார்.

புதுசு தாங்கவில்லை. பழசைவிட ஒரு நாள் தள்ளிச் சுருண்டது, அவ்வளவே. மற்றக் குட்டிகள் வேறு வழியாக வந்து கிழிக்கவேண்டியதைக் கிழித்துவிட்டன. அவர் அதையும் அப்படியே எழுதி அனுப்பினார். தை பிறந்து ஷெட்டைப் பிரித்தார்கள். இப்போது அங்கே கன்டெய்னர்கள் நிற்கின்றன. சூசை ஒரு கம்பெனியில் கேட் வேலைக்குப் போனார். நான் லைனுக்குத் திரும்பினேன். சாகவில்லை. பஸ்ஸருக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன், அப்புறம் கேன்டீனுக்கு மாற்றிக்கொண்டார்கள். மேடம் வடக்கே எங்கோ போனதாகச் சொன்னார்கள். கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

அவரை நினைத்தால் எனக்கு அந்தக் கூட்டம் வருவதில்லை. வருவது இரண்டாம் முறை நடந்துகொண்டிருந்தபோது, மார்கழியில் ஒரு மத்தியானம்.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டிபன் டப்பாவை உள்ளே விட்டுவிட்டேன் என்று திரும்பி வந்தேன். ஷெட்டுக்கு இரண்டு கதவு, நடுவில் வலை. வலைக்கு அந்தப் பக்கம் மேடம் தனியாக நின்றிருந்தார். அன்று காலையில்தான் புதுசின் இலை ஓரம் லேசாக மடங்கத் தொடங்கியிருந்தது. அவர் அதன் முன்னால் நின்றிருந்தார், கையில் பிளாஸ்டிக் மக். நிறையத் தண்ணீர். தண்ணீர் ஊற்றுகிற தொட்டிகளுக்காக வைத்திருந்த வாளியில் மொண்டது.

நான் அசையவில்லை. அவர் கை புதுசின் மேலே போனது. மக்கின் விளிம்பு தாழ்ந்தது. எத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்த நெல் அது. ஒரு மக் தண்ணீர்தான். எடையில் காட்டும், ஆனால் எண்ணைப் படிப்பவர் அவர்தானே. நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். ஊத்துங்க மேடம். யாருக்கும் தெரியாது, நான் சொல்லமாட்டேன், ஊத்துங்க. அதே நேரம், அவர் ஊற்றிவிட்டால் இந்த உலகத்தில் நான் நம்பிப் பயப்பட ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்றும் இருந்தது. எதை வேண்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அவரை நிறுத்த அங்கே ஒருவரும் இல்லை.

கை அப்படியே வெகுநேரம் இருந்தது. பிறகு மக்கைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் பிடித்து, அண்ணாந்து, அவரே குடித்தார். போர் தண்ணீர், உப்புக் கரிக்கும், பாசி வாடை அடிக்கும், நாங்கள் கால் கழுவத்தான் எடுப்போம். முழுவதையும் குடித்தார். ஒரு சொட்டு கீழே விழவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது வலைக்குப் பின்னால் என்னைப் பார்த்தார்.

“தாகமா இருந்துச்சு” என்றார்.